பறக்கும் சிட்டும் ஒரு குமாஸ்தாவின் கணக்கும்

(பொங்கல் ஒன்றுகூடலில் நம் சங்க அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காகச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி இங்கே தருகிறேன்.)

 

செயலாளர் என்னிடம், "சார், நீங்க எடுத்த பறவைப் படங்களைத் திரையில் காட்டி, எப்படி எடுக்கிறீங்கன்னு ஒரு பத்து நிமிஷம் சொல்லுங்க" என்று கேட்டார். நான் வங்கியில் முப்பத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். படித்தது பி.காம். மைக்கைப் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து "அடுத்த டோக்கன்" என்று சொன்னதுதான் என் மேடை அனுபவம். அதனால் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பம்ப் ரூம் பக்கம் கேமராவோடு நிற்கும்போது என்னை எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கேமரா சார்?" இரண்டாவது கேள்வி, "என்ன விலை?" முதல் கேள்விக்குப் பதில்: ஒருவர் பயன்படுத்தி விற்ற கேமரா, 600 மில்லிமீட்டர் வரை இழுக்கும் லென்ஸ். இரண்டாவது கேள்விக்கு என் மனைவி எதிரில் பதில் சொல்ல மாட்டேன். பணிக்கொடையில் ஒரு பகுதி என்பது மட்டும் போதும்.

ஆனால் கேமரா பெரிய விஷயமில்லை. உட்கார்ந்திருக்கும் பறவையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பறக்கும் சிட்டை எடுப்பதுதான் கஷ்டம். ஏன் கஷ்டம் என்பதை எனக்குத் தெரிந்த கணக்கு மொழியிலேயே சொல்கிறேன்.

நம் செம்பருத்திக்கும் இட்லிப்பூச் செடிக்கும் தினமும் வருகிறதே, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அலகிலிருந்து வால் வரை 10 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய் நாணயம். அது நொடிக்கு 8 மீட்டர் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கிளம்புவதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் பட்டனை அழுத்த நமக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் சிட்டு 1.6 மீட்டர் போய்விடும். படத்தில் கிளை இருக்கும். சிட்டு இருக்காது. முதல் ஆறு மாதம் நான் எடுத்ததெல்லாம் வெறும் கிளைகள்தான். "மரத்தை நல்லா எடுத்திருக்கீங்க" என்று வீட்டில் பாராட்டும் கிடைத்தது.

சரி, எப்படியோ சிட்டு படத்துக்குள் வந்துவிட்டது என்று வையுங்கள். ஷட்டர் நொடியில் 400-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அந்த நேரத்துக்குள் அது 20 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அதன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. படம் முழுக்க இழுத்துவிட்ட மை மாதிரி இருக்கும். அதையே 3200-ல் ஒரு பங்காகக் குறைத்தால் 2.5 மில்லிமீட்டர்தான் நகரும். கண் தெளிவாக விழும். இறக்கையின் நுனி உடலைவிட வேகமாக அசைவதால் அது மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்கும். அதை நான் குறையாக நினைப்பதில்லை. இறக்கை அடிக்கிறது என்று தெரிய வேண்டாமா?

வங்கிக்காரனுக்குத் தெரியும், ஒரு பக்கம் வரவு என்றால் மறுபக்கம் பற்று உண்டு. ஷட்டர் நேரத்தை எட்டில் ஒன்றாகக் குறைத்தால் உள்ளே வரும் வெளிச்சமும் எட்டில் ஒன்றாகிவிடும். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ-வை எட்டு மடங்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் படத்தில் ரவை தூவியது போலப் புள்ளிகள் வரும். இதற்கு ஒரே தீர்வு நல்ல வெயில். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். தேன்சிட்டுக்கு இது இன்னும் முக்கியம். ஆண் சிட்டின் தலையில் பளபளக்கும் பச்சை சாயம் போல இறகில் ஊறிய நிறமல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிவது. கோணம் மாறினால் அதே தலை கறுப்பாகத் தெரியும். வெயிலுக்கு எதிரே நின்று எடுத்துவிட்டு, "கேமரா சரியில்லை" என்று நான் கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன். தப்பு என் பேரில்தான்.

அப்படியானால் ஐந்தில் ஒரு நொடியை எப்படி வெல்வது? வெல்ல முடியாது. முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் முடியும். கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இது கைவந்த கலை. ஆள் கதவைத் திறந்து வரும்போதே பணம் போட வருகிறாரா, எடுக்க வருகிறாரா, சண்டைக்கு வருகிறாரா என்று தெரிந்துவிடும். பறவையும் அப்படித்தான். கிளம்பும் முன் உடம்பைத் தாழ்த்தி, கால்களை மடக்கும். பல நேரம் எச்சம் போடும். உடனே விரலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பறவை இறக்கையால் மட்டும் கிளம்புவதில்லை, முதலில் காலால் எம்பிக் குதிக்கிறது. காற்று வீசினால் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே கிளம்பும், காற்றை எதிர்த்தே வந்து இறங்கும். எனவே கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே, சிட்டு எந்தப் பக்கம் தாவும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இப்போது வரும் சில கேமராக்களில் இன்னொரு வசதி உண்டு. பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்திருக்கும்வரை, எடுத்த படங்களைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, பழையதை அழித்துக்கொண்டே இருக்கும். முழுக்க அழுத்தியதும் அதற்கு முந்தைய அரை நொடியையும் சேர்த்துப் பதிந்துவிடும். வங்கி சிசிடிவி மாதிரி. சம்பவம் நடந்த பிறகும் போய் எடுத்துப் பார்க்கலாம். என் கேமராவில் அது கிடையாது. இருந்தால் பொறுமை குறைந்துவிடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன்.

பழகுவதற்கு முதலில் தேன்சிட்டிடம் போகாதீர்கள். மனசு விட்டுப்போகும். மின்கம்பியில் உட்காரும் கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி, நல்ல வாத்தியார். பூச்சியைப் பிடிக்கப் பறக்கும், அநேகமாக அதே இடத்துக்குத் திரும்பி வரும். பச்சைப் பஞ்சுருட்டானும் அப்படியே. அந்த இடத்தில் ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். அடுத்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வரும் வாலாட்டி. அதை எடுத்தபோது பாதிப் படங்களில் இறக்கையே இல்லை! துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு உடம்பு மட்டும் காற்றில் போகிறது. பிறகுதான் தெரிந்தது, அதன் பறக்கும் முறையே அது. நாலு அடி அடித்துவிட்டு இறக்கையை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளும், கொஞ்சம் தாழும், மறுபடி அடிக்கும். வானத்தில் அது அலை அலையாகப் போவது இதனால்தான். அறுபது வயதுவரை வாலாட்டியைப் பார்த்திருக்கிறேன். படம் எடுத்த பிறகுதான் அது பறப்பதைப் பார்த்தேன்.

இந்த ஆசை புதிதல்ல. பிரான்சு நாட்டு விஞ்ஞானி மரே என்பவர் 1882-லேயே பறக்கும் பறவைகளைப் படமெடுக்க ஒரு கருவி செய்தார். நொடிக்கு 12 படங்கள் எடுக்கும். அதன் வடிவம் துப்பாக்கி. தோளில் அண்டக்கொடுத்து, குழலை நீட்டி, குறிபார்த்து, விசையை இழுக்க வேண்டும். நம் சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் அவர்களைப் பெரியவர்கள் அறிந்திருப்பீர்கள். தாமே சேர்த்து அமைத்துக்கொண்ட கேமராவோடு காடு காடாகப் போய், கறுப்பு வெள்ளையில் மிருகங்களையும் பறவைகளையும் எடுத்தவர். இன்று என் கையில் இருப்பது மரேயின் துப்பாக்கியைவிடவும் வேகமானது. அந்தத் துப்பாக்கி என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிறேன்.

இப்போது திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் நம் இதழின் அட்டையில் வந்தது. ஆண் தேன்சிட்டு, இறக்கை முழுக்க விரிந்திருக்கிறது, அலகில் ஒரு சிலந்தி, ஓரத்தில் தொங்கும் கூட்டின் வாசல். நிறைய பேர் பாராட்டினீர்கள். பி பிளாக் மாமி ஒரு டப்பா ரவா லட்டு கொடுத்தனுப்பினார். நான் அதை வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் படம் எப்படி வந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்லத்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன்.

அது மே மாதம். பி பிளாக்குக்குப் பின்னால் செம்பருத்திக் கிளையில் அந்தக் கூடு தொங்கியது. சிலந்தி நூலால் பின்னி, சருகும் மரப்பட்டைத் துணுக்கும் ஒட்டி, பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை என்றுதான் தோன்றும். அதுதான் அதன் பாதுகாப்பு. உள்ளே குஞ்சுகள் இருந்தன. விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி எங்கள் பால்கனியிலிருந்து பார்த்து, ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவும் அப்பாவும் இரை கொண்டுவரும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. மணிக்குப் பன்னிரண்டு கோடு. அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

எனக்கு ஆசை வந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரே வழியில், ஒரே வாசலுக்கு வருகிறது! காத்திருக்கவே வேண்டாம். ஆனால் கூட்டுக்கு முன்னால் இலையடர்ந்த ஒரு சின்னக் கிளை குறுக்கே இருந்தது. நான் அதை வெட்டவில்லை. வளைத்து, ஒரு துணி கிளிப்பை மாட்டிப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிட்டேன். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழடி தூரத்தில் முக்காலியை நிறுத்தி மூன்று மணி நேரம் எடுத்தேன். நானூறு படங்களுக்கு மேல். அவற்றில் ஒன்றுதான் நீங்கள் பார்ப்பது. மூன்று நாள் இப்படி நின்றேன். சாயங்காலம் கிளிப்பை எடுக்கவில்லை, மறுநாளும் வேண்டியிருக்குமே என்று.

நான்காம் நாள் காலை கூடு கிழிந்து தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. முந்தைய நாள் மாலை காகம் அந்தச் செடியில் உட்கார்ந்திருந்ததை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். ஆண் சிட்டு அலகில் இரையோடு கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. நான் கேமராவைத் தூக்கவில்லை.

பேத்தி என்னிடம் சண்டை போடவில்லை. அவள் நோட்டைக் காட்டி ஒன்று மட்டும் கேட்டாள். "தாத்தா, நீங்க அங்க நின்னப்போ மட்டும் ஏன் கோடு கம்மியா இருக்கு?"

கேமரா ஒவ்வொரு படத்திலும் நேரத்தைக் குறித்து வைக்கும். அன்றிரவு கணினியைத் திறந்து, முதல் நாள் எடுத்ததை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் கூட்டுக்கு வந்தது ஒன்பதே தடவை. மணிக்குப் பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் மூன்று. என் முப்பத்தாறு வருடப் பழக்கத்தில், ஒரு ரூபாய் இடித்தாலும் கேஷ் டேலி ஆகும்வரை வீட்டுக்குப் போகாதவன் நான். இங்கே நாலில் மூன்று பங்கு இடிக்கிறது. மீதிப் படங்கள் என்ன? சிட்டு கம்பியில் இரையோடு உட்கார்ந்திருக்கிறது, எட்டிப் பார்க்கிறது, திரும்பிப் போகிறது, மறுபடி வருகிறது. "போஸ் கொடுக்கிறது" என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே எடுத்த படங்கள் அவை. அது என்னைப் பார்த்துப் பயந்து காத்திருந்திருக்கிறது. குஞ்சுகள் உள்ளே பசியோடு காத்திருந்திருக்கின்றன.

காகம் என்னால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. யார் குறுக்கிடாவிட்டாலும் எத்தனையோ கூடுகள் அழிகின்றன. ஆனால் தணிக்கைக்கு வருபவர் அப்படி விட மாட்டார். மறைப்பாக இருந்த கிளையை விலக்கியது யார்? கிளிப் யாருடையது? தாய் தகப்பன் வீட்டுக்கு வர விடாமல் வாசலில் நின்றது யார்? மூன்றுக்கும் என் கையெழுத்துத்தான் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினேன். அதில் "வேட்டை" என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். சுடுவதும் பிடிப்பதும் மட்டும் வேட்டை அல்ல. காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. வாழ்நாளில் ஒரு கவண்கூடத் தொடாதவன் நான். மரேயின் துப்பாக்கியை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

அதன் பிறகு எட்டு மாதம் கேமராவைத் தொடவில்லை. "தப்பு செஞ்சது கேமராவா?" என்று என் மனைவிதான் கேட்டாள். மறுபடி எடுத்தேன். ஆனால் சில விதிகளோடு. புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் இளைஞர்கள் இங்கே மூன்று பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன்.

கூட்டின் பக்கம் போவதில்லை. அலகில் இரையோ நாரோ வைத்துக்கொண்டு ஒரு பறவை ஒரே இடத்தில் தவித்தால், நாம் அதன் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று பொருள். உடனே விலகிவிட வேண்டும். மொபைலில் பறவையின் குரலைப் போட்டு அழைப்பதில்லை. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது தன் வேலையை விட்டு ஓடிவரும். ஃப்ளாஷ் போடுவதில்லை. இலை, கிளை எதையும் ஒதுக்குவதில்லை. இலை மறைத்தால் நான்தான் நகர வேண்டும். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. நல்லெண்ணத்தோடு பார்க்க வரும் இருபது பேரும் அதற்கு இருபது பேர்தான்.

இந்த விதிகளால் படம் குறைந்துவிட்டதா என்றால், ஆமாம், குறைந்துவிட்டது. போன டிசம்பரில் பதினோரு நாள் காலையில், மொட்டைமாடித் தண்ணீர்ச் சட்டியிலிருந்து முப்பதடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஏறக்குறைய எண்ணூறு படம். தேறியது ஆறு. இதோ அதில் ஒன்று. கொண்டைக்குருவி தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறது. கால்கள் இன்னும் சட்டி விளிம்பை விட்டு விரலளவுதான் எழும்பியிருக்கின்றன. வால் கலங்கியிருக்கிறது, வாலடிச் சிவப்பு மட்டும் பளிச்சென்று தெரிகிறது. பின்னால் எங்கள் வீட்டுப் போர்வை காய்கிறது. போட்டிக்கு அனுப்பும் படம் இல்லை. ஆனால் இது எடுக்கப்பட்ட பிறகு அந்தக் குருவி மறுபடி வந்து இரண்டு தடவை தண்ணீர் குடித்தது. அதைத்தான் நோட்டில் எழுதி வைத்தேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, வேலிச் செடிகளைக் கத்தரிக்கும் நாள் பற்றியது. தோட்டக்காரர் மேல் குறையில்லை, நாம் சொன்ன தேதியில் அவர் வெட்டுகிறார். வெட்டுவதற்கு முந்தைய நாள் ஒரு சுற்று நடந்து பார்க்க நான் தயார். தேன்சிட்டு தொங்கும் கூடு கட்டும், தையல்சிட்டு இலைகளைத் தைத்து அதற்குள் கட்டும். இரண்டும் சட்டென்று கண்ணில் படாது. கூடு இருக்கும் செடியை மட்டும் ஒரு மாதம் விட்டுவிட்டால் போதும். முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து பறக்க ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். ஒரு செடி ஒரு மாதம் கலைந்த தலையோடு இருந்தால் நம் குடியிருப்பின் மதிப்பு குறைந்துவிடாது.

இரண்டு, அந்தப் பழைய அட்டைப் படத்தை இனி எங்கும் பயன்படுத்த வேண்டாம் என்று இதழாசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். அரங்கின் வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோமே, அதையும் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நம் பிள்ளைகள் போன வாரம் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் எழுதிய பட்டியலை மாட்டலாம். எழுத்துப்பிழை இருக்கிறது. இருக்கட்டும். பி பிளாக் மாமிக்கு ரவா லட்டுக் கடன் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை என் மனைவி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிறுதோறும் காலை ஆறே முக்காலுக்குப் பம்ப் ரூம் அருகே இருப்பேன். வர விரும்புபவர்கள் வரலாம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் போதும். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். கேமரா கட்டாயமில்லை.